சான் பியோரென்சோ: கொடி மாறிய ஒரு போர்க்கப்பல் – கேள்வி பதில்

1808 மார்ச்சில் கன்னியாகுமரிக்கு அப்பால் மூன்று நாள் நீடித்த பாய்மரக் கப்பல் சண்டையைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். வென்ற ஆங்கிலேயக் கப்பல் சான் பியோரென்சோ பிறப்பால் பிரெஞ்சுக் கப்பல் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. 1793 முதல் 1815 வரையிலான பாய்மரப் போர்க்கப்பல்கள்தான் நான் வருஷக்கணக்காகப் படித்துவரும் விஷயம். அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கப்பலைப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

நாகர்கோவில்: அண்ணாச்சி, பிரெஞ்சுக் கப்பல் எப்படி ஆங்கிலேயக் கப்பல் ஆச்சு? முதலிலிருந்து சொல்லுங்கள்.

1782-ல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் கடலில் இறக்கியபோது அதன் பெயர் மினர்வ். பிரிகேட் வகை. மூன்று பாய்மரம், ஒரே ஒரு முழுப் பீரங்கித் தளம், நல்ல வேகம். அதுவரை பிரெஞ்சு பிரிகேட்டுகள் பெரும்பாலும் 12 பவுண்டு குண்டு போடும் பீரங்கிகளைத்தான் சுமந்தன. 18 பவுண்டுக்கு மாறிய முதல் சில கப்பல்களில் மினர்வும் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

1793 அக்டோபரில் சார்டினியாவுக்கு அப்பால் ஆங்கிலேயக் கடற்படையின் நெல்சன் தன்னுடைய அகமெம்னான் கப்பலில் ஒரு பிரெஞ்சு பிரிகேட் கூட்டத்தோடு மோதினார். மினர்வ் அந்தக் கூட்டத்தில் இருந்தது. பிறகு அது கோர்சிகா தீவில் சான் பியோரென்சோ விரிகுடாவுக்குள் ஒதுங்கியது. அதுவரை பிடித்து வைத்திருந்த தூலோனை விட்டு டிசம்பரில் வெளியேற வேண்டிவந்த ஆங்கிலேயக் கடற்படைக்கு மத்தியதரைக் கடலில் வேறொரு துறைமுகம் தேவைப்பட்டது. 1794 பிப்ரவரியில் கோர்சிகாவுக்கு வந்தார்கள். அங்கே மொர்தெல்லா முனையில் ஒரு வட்டக் கோபுரம் இருந்தது. அதில் மூன்றே பீரங்கிகள். அது 74 பீரங்கிக் கப்பலான பார்ட்டிட்யூடை, காய்ச்சிய குண்டுகளால் தீப்பிடிக்க வைத்துத் திருப்பி அனுப்பியது. பின்னாளில் இங்கிலாந்துக் கரையோரத்தில் மார்ட்டெல்லோ கோபுரங்கள் கட்டினார்களே, அதற்கு மூலம் இந்தக் கோபுரம்தான்.

கடைசியில் பீரங்கிகளைக் கயிறு கட்டிப் பாறை மேட்டுக்கு இழுத்து ஏற்றி, அங்கிருந்து சுட்டு, ஊரைப் பிடித்தார்கள். பிரெஞ்சுப் படை பாஸ்தியாவுக்குப் பின்வாங்கியது. துறைமுகத்தில் இரண்டு பிரிகேட்டுகள். போர்த்துனே எரிக்கப்பட்டது, மினர்வ் மூழ்கிக் கிடந்தது. ஆங்கிலேயர் மினர்வைத் தூக்கி எடுத்து, செப்பனிட்டு, பிடித்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

மறு ஆண்டு, 1795-ல், வேறொரு பிரெஞ்சு மினர்வ் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. அதற்குப் பெயரை மாற்றவில்லை. நெல்சன் கொடி ஏற்றியது அந்த மினர்வில். இணையத்தில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஆண்டைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சென்னை: இந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி? 36, 38, 40, 42 என்று ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்களே?

நல்ல கேள்வி. ஒரு கப்பலின் 'தர எண்', அதாவது கடற்படைப் பதிவில் அதற்குக் குறித்த பீரங்கி எண்ணிக்கை வேறு, அதில் உண்மையில் இருந்த பீரங்கிகள் வேறு. கேரனேடு என்று ஒரு வகை உண்டு. குட்டையான குழல், கிட்டத்தில் கொடூரமான அடி. ஆங்கிலேயக் கடற்படை 1817 வரை கேரனேடுகளைத் தர எண்ணில் முறையாகச் சேர்க்கவில்லை. அதனால் 36 என்று பதிவான கப்பலில் நாற்பதுக்கு மேல் இருக்கும். இன்னொன்று, பிரெஞ்சுப் பவுண்டு ஆங்கிலேயப் பவுண்டைவிடக் கனமானது. பிரெஞ்சு 18 பவுண்டு பீரங்கிக்கு ஆங்கிலேயக் கிடங்கில் இருக்கும் குண்டு சரியாகப் பொருந்தாது. அதனால் பிடிபட்ட கப்பலுக்குப் பெரும்பாலும் பீரங்கிகளை மொத்தமாக மாற்றிவிடுவார்கள். ஆகவே பிடிபடும் முன், பிடிபட்ட பின் என்று இரண்டு கணக்கு எப்போதும் இருக்கும். எண்ணை வைத்து எது பலசாலி என்று முடிவுகட்டாதீர்கள். குண்டின் எடையைப் பாருங்கள்.

காரைக்கால்: ஐயா, மூழ்கிக் கிடந்ததைத் தூக்கி எடுத்துவிட்டுப் 'பிடிபட்ட கப்பல்' என்கிறீர்கள். அது எப்படிப் பிடிபட்டது ஆகும்? பிரெஞ்சுக்காரர்கள் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று தாங்களே மூழ்கடித்தார்கள். கொடியை இறக்கிச் சரணடையவே இல்லை.

மூழ்கியது எப்படி என்பதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். மேட்டிலிருந்து வந்த குண்டுகள் மூழ்கடித்தன என்பது ஒன்று, ஆட்களே மூழ்கடித்தார்கள் என்பது மற்றது. எப்படி ஆனாலும் அது போரில் வீழ்ந்த துறைமுகத்தில் கிடைத்த எதிரிக் கப்பல். என் கணக்கில் அது பிடிபட்டதுதான்.

தூத்துக்குடி: கன்னியாகுமரிச் சண்டையை விவரமாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி. நம்ம கடலில் நடந்தது எங்கள் ஊரில் யாருக்குமே தெரியவில்லை.

இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

பியெமோந்தேஸ் என்ற பிரெஞ்சு பிரிகேட் மொரிஷியஸைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. கேப்டன் எப்ரோன். 1806 ஜூனில் வாரன் ஹேஸ்டிங்ஸ் என்ற பெரிய கம்பெனிக் கப்பலை அது பிடித்தது. அந்தக் கப்பல் சரணடைந்த பிறகு, பியெமோந்தேஸின் முதல் லெப்டினன்ட் மோரோ ஏறிவந்து அதன் கேப்டன் லார்கின்ஸைக் கத்தியால் குத்தினார். லார்கின்ஸ் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கோபம் கடல் முழுக்கப் பரவியது.

1808 மார்ச் தொடக்கத்தில் சான் பியோரென்சோ இலங்கையிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பியது. கேப்டன் ஜார்ஜ் நிக்கோலஸ் ஹார்டிஞ்ச், வயது 26. 6-ந்தேதி காலை குமரி முனையைக் கடக்கும்போது மூன்று கம்பெனிக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. கொஞ்ச நேரத்தில் அவற்றைக் குறிவைத்து வரும் பியெமோந்தேஸும் கண்ணில் பட்டது. சான் பியோரென்சோ திரும்பி நேராக அதை நோக்கிப் போனதும் எப்ரோன் பாய்களை விரித்து விலகினார்.

மார்ச் மாதத்தில் நம் கடல் எப்படி இருக்கும் என்பது தூத்துக்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்கிலிருந்து வரும் வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் இன்னும் பிடித்திருக்காது. கரைக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி லேசாக வீசும். சண்டை மூன்று நாள் இழுத்ததை இந்தக் காற்றை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஓடுகிறவனும் முழுசாக ஓட முடியாது, துரத்துகிறவனும் சட்டென்று நெருங்க முடியாது.

முதல் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் சான் பியோரென்சோ பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. பத்து நிமிஷம் மாறி மாறிச் சுட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கப்பல் மறுபடி நழுவியது. மறுநாள் விடிந்ததும் இரண்டாம் சுற்று, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலின் உடலைவிடப் பாய்களையும் கயிறுகளையும் குறிவைத்துச் சுடுகிற பழக்கம் உள்ளவர்கள். அது பலித்தது. சான் பியோரென்சோவின் நடுமரத்து மேற்பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமல் உடைந்து, பாய்கள் கிழிந்து, அதனால் பின்தொடர முடியவில்லை. இந்த இடத்தில் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எதிரியைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டே பகலும் இரவும் பாய் தைத்து, கயிறு முடிந்து, பருமலை மாற்றிக் கட்டினார்கள்.

8-ந்தேதி மாலை மூன்றாம் சுற்று. இம்முறை எப்ரோன் ஓட முயன்றும் பலிக்கவில்லை. இரண்டு கப்பலும் எதிரெதிர்த் திசையில் வந்து, ஏறக்குறைய எண்பது கஜ இடைவெளியில் ஒன்றையொன்று கடந்தன. எண்பது கஜம் என்றால் ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம்கூட இல்லை. எதிர்க் கப்பலில் நிற்கிறவனின் முகம் தெரியும். அந்தத் தூரத்தில் கொத்துக்குண்டு போடுவார்கள். எலுமிச்சை அளவு இரும்பு உருண்டைகளை ஒரு மரத்தண்டைச் சுற்றி அடுக்கி, கித்தான் பையில் போட்டு, மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். பார்க்கத் திராட்சைக் கொத்துபோல இருக்கும். குழலை விட்டு வெளியே வந்ததும் பை கிழிந்து உருண்டைகள் சிதறும். பிரெஞ்சுக் கப்பலின் இரண்டாவது சூட்டில் அப்படி வந்த குண்டு ஹார்டிஞ்சைக் கொன்றது.

லெப்டினன்ட் டாசன் பொறுப்பேற்றார். ஒரு மணி இருபது நிமிஷச் சண்டைக்குப் பிறகு பியெமோந்தேஸ் சரணடைந்தது. அதில் 48 பேர் செத்திருந்தார்கள், 112 பேருக்குக் காயம். மூன்று நாளிலும் சேர்த்து சான் பியோரென்சோ இழந்தது 13 உயிர், காயம் 25. மோரோவும் இந்தச் சண்டையில்தான் இறந்தார். அன்றிரவு பியெமோந்தேஸின் மூன்று பாய்மரங்களும் முறிந்து கடலில் விழுந்தன. மரமில்லாத அந்தக் கப்பலை இழுத்துக்கொண்டு 13-ந்தேதி கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். ஹார்டிஞ்சைக் கொழும்பில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவருடைய தம்பி ஹென்றி ஹார்டிஞ்ச் பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார்.

மதுரை: இது சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலுக்கு முந்தைய கதையா?

நூறு வருஷத்துக்கும் மேல் முந்தையது. எம்டன் வந்தது 1914-ல், நீராவியில் ஓடும் ஜெர்மானியக் கப்பல். அது என் பரப்பு இல்லை.

காரைக்கால்: ஐயா, பதில் திருப்தியாக இல்லை. குளத்தில் கிடந்த சைக்கிளை எடுத்து ஓட்டுகிறவன் அதை வென்றேன் என்று சொல்ல முடியுமா?

புதுச்சேரி: காரைக்கால்காரர் சொல்வது சரி. 'மீட்டெடுத்த கப்பல்' என்பதே பொருத்தமான சொல்.

சரி, இதை ஒழுங்காகவே பேசுவோம். ஒரு கப்பலை இழக்கப் பல வழிகள் உண்டு. கடலில் சண்டையிட்டுக் கொடி இறக்குவது ஒன்று. துறைமுகம் விழும்போது சேர்ந்து விழுவது இன்னொன்று. அதே 1794 ஆகஸ்டில் கோர்சிகாவின் கால்வி என்ற ஊர் விழுந்தபோது மெல்போமீன் என்ற பிரிகேட் முழுசாகக் கிடைத்தது. அதுவும் கடலில் கொடி இறக்கவில்லை. அதைப் பிடிபட்ட கப்பல் இல்லை என்பீர்களா? மெல்போமீன் மிதந்தது, மினர்வ் தண்ணீருக்குள் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். குளத்துச் சைக்கிளுக்கு உரிமையாளர் யார் என்று தெரியாது. இங்கே கப்பல்காரர்கள் குண்டு விழ விழ ஊரைவிட்டுப் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூழ்கடித்தது கப்பல் ஆட்களே என்றால் அது தோல்வியிலும் ஒரு கடமை. எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று செய்த காரியம். ஆழமில்லாத இடமானதால் அது பலிக்கவில்லை.

கோவை: எத்தனை பீரங்கி இருந்தது என்று சொல்லவில்லையே?

சென்னை வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

திருநெல்வேலி: குமரிச் சண்டைக்கு முன்னால் அந்தக் கப்பல் வேறு என்ன செய்தது?

நிறைய. 1797 மார்ச் 9-ந்தேதி, கேப்டன் ஹாரி நீல் தலைமையில், நிம்ப் என்ற கப்பலோடு சேர்ந்து பிரெஸ்ட் துறைமுக வாசலில் ரெசிஸ்தான்ஸ், கோன்ஸ்தான்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்தது. வேல்ஸில் பிஷ்கார்டு என்ற ஊரில் படையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல்கள் அவை. அந்த ரெசிஸ்தான்ஸுக்கு ஆங்கிலேயர் வைத்த புதுப் பெயர் பிஸ்கார்டு. நிம்ப் கப்பலும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்ததுதான்.

அதே ஆண்டு மே மாதம் தேம்ஸ் முகத்துவாரத்தில் நோர் கடற்படைக் கலகம். மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மூத்த மகள் கல்யாணமாகி வூர்ட்டம்பெர்க் போகவேண்டும். அவரை ஏற்றிச் செல்ல சான் பியோரென்சோ அங்கே தயாராக நின்றது. அதன் ஆட்கள் கலகத்தில் மனப்பூர்வமாகச் சேரவில்லை. மே இறுதியில் நங்கூரத்தை விட்டுவிட்டு, கலகக் கப்பல்கள் சுடச் சுட அவற்றின் நடுவே புகுந்து வெளியேறிவிட்டார்கள்.

1799 ஏப்ரல் 9-ந்தேதி பெல் தீவுக்கு அருகே அமீலியாவோடு சேர்ந்து மூன்று பிரெஞ்சு பிரிகேட்டுகளை எதிர்த்து நின்றது. அமீலியா யார் தெரியுமா? 1796-ல் பிடிபட்ட பிரெஞ்சு புரோசர்பீன். ஆக, அன்று ஐந்து பிரிகேட்டுகளும் பிரெஞ்சுக் கட்டுந்துறைகளில் பிறந்தவை. இந்தக் கப்பலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

பிறகு நம் பக்கம் வந்தது. 1805 பிப்ரவரி 14, விசாகப்பட்டினப் பக்கத்துக் கடல். கேப்டன் ஹென்றி லாம்பர்ட். எதிரி ப்சிஷே, கேப்டன் பெர்ஜெரே. இங்கேதான் 18 பவுண்டு கணக்கு வருகிறது. ப்சிஷேயில் இருந்தவை 12 பவுண்டு பீரங்கிகள். அப்படியும் இரவு மணிக்கணக்காகச் சண்டை போட்டது. பிரெஞ்சுப் பக்கம் 57 பேர் இறந்தார்கள், இந்தப் பக்கம் 12. செப்பனிடக் கொஞ்சம் விலகி நின்ற சான் பியோரென்சோ மறுபடி நெருங்கியபோது, இனி ஆட்களைச் சாகக் கொடுக்க முடியாது என்று பெர்ஜெரே கப்பலை ஒப்படைத்தார். இந்த லாம்பர்ட் 1812 டிசம்பரில் ஜாவா என்ற கப்பலை நடத்திப் பிரேசில் கடலில் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிட்யூஷனோடு மோதி, காயம்பட்டு இறந்தார். ஜாவாவும் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல், பழைய பெயர் ரெனோமே.

சேலம்: சோழர்களிடம் இப்படிப் பிடிபட்ட கப்பல்கள் இருந்தனவா?

என் பரப்பு இல்லை. சோழர் கடல்வழிகளைக் கல்வெட்டு படித்தவர்களிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணம்: ஐயா, பியெமோந்தேஸில் லஸ்கர்கள் இருந்ததாக வாசித்தேன். அவர்கள் தமிழ் மாலுமிகள்தானே?

366 பிரெஞ்சுக்காரர்களோடு ஏறத்தாழ 200 லஸ்கர்கள் அதில் இருந்தார்கள். பாய் வேலைக்கு வைத்திருந்தார்கள். லஸ்கர் என்பது ஓர் இனத்தின் பெயர் இல்லை. கம்பெனிக் கடலில் வேலை பார்த்த ஆசிய மாலுமிகள் எல்லோருக்கும் பொதுவான சொல். வங்காளம், குஜராத், கொங்கணம், மலபார் என்று பல கரைகளிலிருந்தும் வந்தவர்கள். ஆட்பட்டியல் இல்லாமல் அவர்கள் தமிழர்கள் என்று உரிமை கொண்டாடாதீர்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். நம் கடலில் நடந்தது என்பதற்காக அதில் இருந்தவர்களெல்லாம் நம்மவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

ஆனால் அவர்களைப் பற்றி நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. சண்டை நேரத்தில் பாய்க்கயிறு அறுந்தால் யாராவது மேலே ஏறிக் கட்டியாக வேண்டும். மேலே மறைவு என்று ஒன்று கிடையாது. ஹார்டிஞ்சுக்கு லண்டன் புனித பவுல் தேவாலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பருமலில் ஏறி நின்ற லஸ்கர் ஒருவரின் பெயர்கூட இந்தச் சண்டையைப் பற்றி நான் படித்த எதிலும் இல்லை.

திருகோணமலை: எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பாய்மரக் கப்பல் இன்றும் இருக்கிறதாமே, அதுவும் பிடிபட்டதா?

இல்லை. டிரிங்கோமலி 1817-ல் பம்பாயில் தேக்கில் கட்டியது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் இருக்கிறது.

திருச்சி: கப்பலைப் பிடித்தால் மாலுமிகளுக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்கும். 1808 வரை இருந்த முறையில் பரிசுத்தொகையை எட்டுப் பங்காக்குவார்கள். கேப்டனுக்கு மூன்று பங்கு, அவருக்கு மேலே அட்மிரல் இருந்தால் அதில் ஒன்று அவருக்குப் போகும். சாதாரண மாலுமிகள் எல்லோருக்கும் சேர்த்து இரண்டே பங்கு. அதை நூற்றுக்கணக்கானவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிர எதிரிப் போர்க்கப்பலில் இருந்த தலைக்கு 5 பவுண்டு வீதம் தனித்தொகை உண்டு.

ஈரோடு: மொத்தம் எத்தனை பீரங்கிகள் ஐயா?

மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது. தயவுசெய்து மேலே படியுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

காரைக்கால்: கடைசியாக ஒன்று. பிரெஞ்சுக் கையால் கட்டியதைப் பிரெஞ்சுக் கப்பல் என்றுதானே சொல்ல வேண்டும்? நீங்கள் ஆங்கிலேயக் கப்பல் என்று எழுதியது எனக்கு வருத்தம்.

இப்போதுதான் உங்கள் மனதில் இருப்பது புரிகிறது. அடிமரமான ஏராவும் விலாமரங்களான வங்குகளும் பிரெஞ்சு ஓக் மரம். அந்த ஓட்டம் தூலோன் தச்சர்கள் கொடுத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. பிடித்த கப்பலைக் கட்டுந்துறையில் ஏற்றி, அதன் வளைவுகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் எடுத்துக்கொள்வது ஆங்கிலேயரின் வழக்கம். கற்றுக்கொள்ள அதில் ஏதோ இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டதற்கு அந்த வரைபடங்கள்தான் சாட்சி. ஆனால் கப்பல் 12 ஆண்டு பிரெஞ்சுக் கொடியின் கீழும் 43 ஆண்டு ஆங்கிலேயக் கொடியின் கீழும் இருந்தது. நான் இரண்டையும் எழுதுவேன். அடுத்த குறிப்பில் 'தூலோனில் கட்டிய' என்ற சொல்லை முதல் வரியிலேயே சேர்க்கிறேன். அது நியாயமான திருத்தம், நன்றி.

கொழும்பு: அந்த இரண்டு கப்பல்களும் கடைசியில் என்ன ஆயின?

பியெமோந்தேஸை ஆங்கிலேயர் அதே பெயரில் வைத்துக்கொண்டார்கள். 1810 ஆகஸ்டில் டச்சுக்காரர்களின் ஜாதிக்காய்த் தீவான பண்டா நெய்ராவைப் பிடித்த சிறு அணியில் அதுவும் இருந்தது. 1813-ல் உடைத்துவிட்டார்கள்.

சான் பியோரென்சோ இங்கிலாந்து திரும்பியது. 1810-ல் பீரங்கிகளைக் குறைத்துத் துருப்புகளை ஏற்றும் கப்பலாக்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து அதுவும் இல்லை. புதிதாகப் பிடித்து வரும் மாலுமிகளைக் கப்பல் ஒதுக்கும் வரை அடைத்து வைக்கும் நிறுத்துக் கப்பல் ஆனது. பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு, ஆற்றில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்தும் வகை அது. கடலில் இறங்கி 55 வருஷம் கழித்து, 1837-ல், டெப்ட்போர்டில் உடைத்தார்கள்.